தாத்தாவின் சவரக்கத்திக்கு மரப்பிடி போடலாமா?

போடலாம். பிடி தானாக வெடித்து, அதையொட்டிய அலகும் துருவேறியிருக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் பெரும்பாலும் செலுலாய்ட் என்ற பழைய காலத்துப் பிளாஸ்டிக் பிடிதான். பழசானால் அது அமில ஆவி விடும், அந்த ஆவிதான் எஃகைத் தின்கிறது. ஒட்டிப் பார்க்காமல் கழற்றிவிடுங்கள். அடுப்புக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், குப்பென்று பற்றும்.

ஆணித் தலையை அரத்தால் ராவித் தட்டினால் கழன்றுவிடும். துருவை ஈர உப்புத்தாளால் கையாலேயே தேயுங்கள். கிரைண்டர் வேண்டாம். சூட்டில் அலகு நீலம் பாய்ந்தால் பதம் போச்சு, பிறகு கூர் நிற்காது.

மரம்தான் நம்ம மலைநாட்டில் தலைவலி. ஹட்டன் மழையில் எங்கள் வீட்டு அலுமாரிக் கதவே உப்பி மூடாது. பச்சை மரம் சரிவராது. நான் எடுத்தது பழைய பலா ஜன்னல் சட்டத்துண்டு. பிடிக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பலகை, ஒவ்வொன்றும் 3 மி.மீ. தடிப்பு போதும்.

பிடியின் வால் முனையில் இரண்டு பலகைக்கும் நடுவே ஓர் ஆப்பு வரும். அது வெளிமுனையில் தடித்து, அலகுப் பக்கம் மெலிய வேண்டும். முதல் தடவை நான் சமதடிப்பாக வைத்தேன். மடக்கியபோது கூர் உள்மரத்தில் மயிரிழைக் கோடு போட்டது. கூரும் போனது, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போனது.

ஆணிக்கு 1.6 மி.மீ. பித்தளைக் கம்பி. அதைச் சின்னச் சுத்தியலால் பொட்டுப் பொட்டாகத் தட்டுங்கள், ஓங்கி அடித்தால் மரம் பிளக்கும். தீட்டும்போது முதுகும் கூரும் சேர்ந்து கல்லில் படியட்டும். மழித்ததும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வையுங்கள்.