கேமில் ஏமாந்த மகன் மீதே வழக்கு வருமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் என் போனில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் விளையாடுவான். கேமில் பழகிய ஒருவன் "இலவச டைமண்டு" (கேமுக்குள் செலவழிக்கும் நாணயம்) என்று வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்ப, அதிலிருந்த ஆப்பை இறக்கி, ஒரு ரூபாய் கட்டச் சொன்ன இடத்தில் என் டெபிட் கார்டு விவரத்தையும் கொடுத்திருக்கிறான். கேம் ஐடி பறிபோனது. அன்று இரவே 18,000, 14,500 என இரண்டு முறை பணம் போனது. உடனே கஸ்டமர் கேருக்குப் பேசி கார்டை முடக்கச் சொன்னேன். அப்படியும் மறுநாள் காலை 9,200 ரூபாய் போய்விட்டது. ஓடிபியைப் பகிர்ந்தது உங்கள் தவறு என்று வங்கி கைவிரிக்கிறது. நாங்கள் யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. இப்போது அவன், 10,000 ரூபாய் தராவிட்டால் மகனின் படத்தை ஆபாசமாக மாற்றிப் போடுவேன் என்று மிரட்டுகிறான். ஸ்டேஷனில் புகாரை வாங்கவில்லை. ஆன்லைன் கேமுக்குத் தடை இருப்பதால் மகன் மீதே கேஸ் வரும் என்கிறார் என் அண்ணன். ஆறு நாளாகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: உங்கள் மகன் மீது வழக்கு வராது. இந்த பயத்தில்தான் பல குடும்பங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுகின்றன. ஏமாற்றியவனுக்கு அதுதான் வசதி. 2025-ல் வந்த மத்தியச் சட்டம் தடை செய்வது பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளை. அதிலும் தண்டனை நடத்துபவர்களுக்கும், விளம்பரம் செய்பவர்களுக்கும், பணப் பரிமாற்றத்துக்கு வழி செய்பவர்களுக்கும்தான், ஆடுபவருக்கு இல்லை. உங்கள் மகன் இந்த வழக்கில் பாதிக்கப்பட்டவன். இதை இன்றே அவனிடம் சொல்லுங்கள். திட்டு விழும் என்று பயந்தால் முக்கியமான தகவலை மறைத்துவிடுவான்.

மிரட்டுபவனுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கொடுத்தால் அடுத்த வாரம் தொகை கூடும். அவன் செய்வது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 308-ஆம் பிரிவின் கீழ் மிரட்டிப் பணம் பறித்தல். சிறுவனின் படத்தை ஆபாசமாக மாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் இரண்டும் பாயும். அவனை பிளாக் செய்வதற்கு முன் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கேமில் அவன் பெயரை மட்டும் எடுத்தால் போதாது, பெயரை மாற்றிக்கொள்ள முடியும். புரொஃபைலில் இருக்கும் யூஐடி எனும் அடையாள எண்ணும் படத்தில் தெரிய வேண்டும். கூடவே வாட்ஸ்அப் எண், லிங்க், தேதி, நேரம்.

அந்த போனைக் கடையில் கொடுத்து ஃபார்மட் செய்துவிடாதீர்கள். பலரும் முதலில் செய்வது இதைத்தான், அதோடு சாட்சியமும் போய்விடுகிறது. சிம்மைக் கழற்றி, வைஃபையை அணைத்து, அப்படியே வையுங்கள். மின்னணு ஆவணங்களை நீதிமன்றத்தில் காட்ட புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63-ன் கீழ் சான்றிதழ் வேண்டும். அதற்கு மூல போன் கையில் இருப்பது நல்லது. பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து மாற்றுங்கள்.

அப்புறம் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள், அல்லது சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பதியுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொல்லியிருந்தால் பணம் போன கணக்கையே முடக்கியிருக்கலாம். ஆறு நாள் கழித்து வாய்ப்பு குறைவுதான், ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. ஏதாவது ஒரு கணக்கில் தொகை நிறுத்தி வைக்கப்பட்டிருந்தால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 503-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டுத் திரும்பப் பெறலாம்.

வங்கி விஷயத்துக்கு வருவோம். மூன்று பரிவர்த்தனைகளையும் ஒரே வரியில் தள்ளுபடி செய்திருக்கிறார்கள். அதை ஏற்காதீர்கள். 2017 ஜூலை 6 தேதியிட்ட சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி தெளிவாக இருக்கிறது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நடந்த மோசடியாக இருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு ஏற்படும் இழப்பு வங்கியுடையது. இரவே கார்டை முடக்கச் சொல்லிவிட்டீர்கள். ஆகவே காலையில் போன 9,200 ரூபாயை வங்கிதான் தர வேண்டும். நீங்கள் பேசிய நேரம் உங்கள் போனின் கால் பட்டியலில் இருக்கும், சர்வீஸ் ரெக்வெஸ்ட் எண் எஸ்எம்எஸ்ஸில் வந்திருக்கும். இரண்டையும் பத்திரப்படுத்துங்கள்.

முதல் இரண்டு தொகைகள் சிக்கலானவை. மகன் கார்டு எண்ணைக் கொடுத்ததைக் கவனக்குறைவு என்று வங்கி வாதிடும், அதில் ஓரளவு பலமும் இருக்கிறது. ஆனால் ஓடிபியை நீங்கள் பகிரவில்லை. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கிக்கொண்ட ஆப் திருடியிருக்க வாய்ப்பு அதிகம். வாடிக்கையாளர் மீதுதான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்று அதே விதி சொல்கிறது. எனவே 9,200-ஐத் தனியாகவும், 32,500-ஐத் தனியாகவும் கோரி எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) ஆன்லைனிலேயே முறையிடலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுக்க முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்ட வழக்கை இன்ஸ்பெக்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரிதான் விசாரிக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது புகாரைத் திருப்பி அனுப்பக் காரணம் ஆகாது. எந்த எல்லையில் நடந்திருந்தாலும் பதிய வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதா 173 சொல்கிறது. உங்கள் மாவட்டச் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கே நேராகப் போங்கள். அங்கேயும் மறுத்தால் எஸ்பிக்கு ஸ்பீட் போஸ்ட், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட். மனுவில் "கேம் ஐடி போய்விட்டது" என்று தொடங்காதீர்கள். சிறுவனை மிரட்டிப் பணம் கேட்கிறார்கள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளையும், நியாய சன்ஹிதாவில் மோசடிக்கான 318(4)-ஐயும் குறிப்பிடுங்கள்.

கேம் ஐடியைப் பொறுத்தவரை, விதிமுறைப்படி அது நிறுவனத்தின் சொத்து. ஆடுபவருக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும். முதலில் கூகுள் கணக்கை மீட்டு, தெரியாத கருவிகளை வெளியேற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். பிறகு நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதும்போது, முன்பு டைமண்டு வாங்கிய பிளே ஸ்டோர் ரசீதுகளை இணையுங்கள். அதில் ஜிபிஏ என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும். ஐடி உங்கள் மகனுடையது என்று காட்ட அது கைகொடுக்கும்.