அசலைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகன் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறான். புதுச்சேரியில் ஒரு வேலைவாய்ப்பு ஏஜென்சியில் பதிவுக் கட்டணமாக 5,000 ரூபாயும் அசல் சான்றிதழ்களும் கேட்கிறார்கள். புதுச்சேரியின் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வேலை உறுதி, அது பிடிக்காவிட்டால் குவைத்துக்கு அனுப்புகிறோம் என்கிறார்கள். நம்பிப் போகலாமா?
– ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: போகலாமா என்பதை அப்புறம் பார்ப்போம் அம்மா. அசல் சான்றிதழ் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது.

எதற்கு அசல்? சரிபார்க்கத்தான் என்றால் பையன் கையில் வைத்துக்கொண்டு காட்டினால் போதும், ஐந்து நிமிட வேலை. வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவது பையனையே பூட்டி வைக்கத்தான். சொன்ன சம்பளம் வராது. எட்டு மணி நேர வேலை பன்னிரண்டாகும். விட்டுப் போகிறேன் என்றால், "இவ்வளவு கட்டிவிட்டு சர்டிபிகேட்டை வாங்கிக்கோ" என்பார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் தொலைந்துபோனால் போலீசில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்று சான்று வாங்கி, விண்ணப்பித்து, மறுபிரதி வருவதற்குள் செருப்பு தேய்ந்துவிடும். அந்தப் பயத்தை வைத்துத்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. ஜெராக்ஸ் கொடுங்கள், அதிலும் எந்த வேலைக்காகக் கொடுக்கிறீர்கள் என்று குறுக்கே எழுதி, தேதி போட்டுக் கொடுங்கள்.

அடுத்து அந்த 5,000. ஒழுங்காக நடக்கும் ஏஜென்சிக்குப் பணம் தருவது ஆள் கேட்ட கம்பெனி. ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது இந்தத் தொழிலில் பரவலாக உள்ள கணக்கு. பையன் வேலையில் சேர்ந்தால்தான் அவர்களுக்குக் காசு என்பதால் நல்ல இடமாகத் தேடுவார்கள். சேருமுன்பே உங்களிடம் காசு வாங்கிவிட்டவருக்கு அந்த அக்கறை ஏன் இருக்கப்போகிறது? பதிவுக் கட்டணம் கேட்பவர்களின் வரி விளம்பரத்தை நம் பத்திரிகையில் போடமாட்டேன் என்பதில் எனக்கும் விளம்பரப் பிரிவுக்கும் பழைய சண்டை உண்டு. இன்னும் தீரவில்லை. தீரவும் வேண்டாம்.

ஏஜென்சி என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. கடலூர் சிப்காட்டிலும் சரி, புதுச்சேரி தொழிற்பேட்டைகளிலும் சரி, பல கம்பெனிகள் ஏஜென்சி மூலம்தான் ஆள் எடுக்கின்றன. அங்கே பையன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சம்பளம் போடுவது கம்பெனியா, நீங்களா? ஏஜென்சிதான் என்றால் அவன் ஒப்பந்தத் தொழிலாளி. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் யார் பெயரில் வரும், சம்பளச் சீட்டு தருவார்களா, மாதா மாதம் பிடித்தம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்கட்டும். கம்பெனியின் பெயரைக்கூடச் சொல்லாமல் "பெரிய கம்பெனி சார்" என்று மழுப்பினால் படியிறங்கி வந்துவிடட்டும்.

சேதராப்பட்டு என்றதும் இன்னொன்று. நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர், அங்கிருந்து புதுச்சேரி, பிறகு சேதராப்பட்டு என்று பஸ் மாறி காலை 6 மணி ஷிப்டுக்குப் பையன் எப்படிப் போவான்? உங்கள் ஊரில் ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் ரயிலில் புதுச்சேரிக்குப் போக விழுப்புரத்தைச் சுற்ற வேண்டும். கடலூரையும் புதுச்சேரியையும் நேராக இணைக்கும் பாதை, சென்னையிலிருந்து மாமல்லபுரம் வழியாக வரும் திட்டத்தோடு சேர்ந்து வருடக்கணக்காகக் காகிதத்திலேயே ஓடுகிறது. இதை இந்தப் பக்கத்தில் நான் எழுதிக்கொண்டே இருப்பேன். இருபத்து சொச்சம் கிலோமீட்டருக்கு ரயில் விட்டால், அறை வாடகை கொடுத்துத் தங்க முடியாத எத்தனையோ பிள்ளைகள் வேலைக்குப் போய்வருவார்கள்.

குவைத்துக்கு வருகிறேன். ஆள் அனுப்புவது இந்தக் கரைக்குப் புதிதில்லை. 1853இல் ஒரேலி என்ற கப்பல் அன்று பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக் கரையிலிருந்து நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு கரீபியன் கடலில் உள்ள மார்டினிக் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனது. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாட்டில் ஐந்து வருட ஒப்பந்தம், முடிந்ததும் இலவசமாகத் திரும்பும் உரிமை என்றெல்லாம் நன்றாகத்தான் எழுதியிருந்தது. எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அவர்கள் வாரிசுகளுக்கு அங்கே ராமசாமி, முத்துசாமி என்பதெல்லாம் இன்று குடும்பப் பெயர். கிட்டத்தில் 2022இல், தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழ்ப் பிள்ளைகள் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கினார்கள்.

ஆகவே, வெளிநாட்டுக்கு ஆள் எடுப்பவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு, அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் பையனே தேடிப் பார்க்கட்டும். அந்த ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணமும் அதிகபட்சம் 30,000 ரூபாய், மேலே ஜி.எஸ்.டி., அதற்கு ரசீது. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள்.

கடலூர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்குக் கட்டணம் கிடையாது. டிப்ளமோ படித்தவர் என்பதால் அப்ரண்டிஸ் பயிற்சிக்கும் விண்ணப்பிக்கலாம். பக்கத்தில் நெய்வேலி என்.எல்.சி. அதற்கு அறிவிப்பு வெளியிடுவதுண்டு.

சான்றிதழை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுத்திருந்தால், திருப்பித் தரும்படி எழுதிக் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலில் கையெழுத்து வாங்குங்கள். தராவிட்டால் நெல்லிக்குப்பம் காவல் நிலையத்திலேயே புகார் கொடுக்கலாம். "அது புதுச்சேரி எல்லை, அங்கே போங்க" என்று திருப்பி அனுப்பினால், எல்லை எதுவானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆவது பிரிவு சொல்கிறது என்று சொல்லுங்கள்.