இறங்கி வந்தது தவறா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற அக்டோபரில் நானும் கணவரும் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு நேபாளம் போனோம். அன்னபூர்ணா சுற்றுப்பாதையில் தோரோங் லா கணவாயைக் கடப்பது எங்கள் திட்டம். பேசிசஹாரிலிருந்து ஜீப். சாமேயில் ஓர் இரவு, அடுத்த நாள் மனாங், அதற்கடுத்த நாளே நடந்து யாக் கர்கா. அங்கே இரண்டாம் இரவு அவருக்கு வறட்டு இருமல் முற்றியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "சளிதான், காலையில் சரியாகிவிடும்" என்றார். நான் விடுதிக்காரரை எழுப்பி, விடிந்ததும் குதிரை பிடித்து மனாங்குக்கு இறக்கினேன். மருத்துவர் நுரையீரலில் நீர் கோத்திருப்பதாகச் சொல்லி ஆக்ஸிஜன் வைத்தார். மறுநாளே தேறிவிட்டார். அதுதான் இப்போது வினை. "ஒரு நாள் சளிக்காக மூன்று வருடச் சேமிப்பைப் பாழாக்கிவிட்டாள்" என்று விசேஷ வீடுகளில் எல்லாம் கேலி செய்கிறார். தினமும் ஓட்டப்பயிற்சி செய்கிறவர். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் பதறியது தவறா? அடுத்த அக்டோபரில் மறுபடி போகலாம் என்கிறார்.

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

தவறே இல்லை. உங்கள் கணவர் இன்று கேலி பேச உயிரோடு இருப்பதில் உங்கள் பதற்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

அவருடைய வாதத்தையே எடுத்துக்கொள்வோம். மறுநாளே சரியாகிவிட்டது, ஆகவே அது சளி என்கிறார். யாக் கர்கா சுமார் 4,050 மீட்டர், மனாங் 3,540. ஐந்நூறு மீட்டர் கீழே இறங்கினால் போய்விடுகிற சளி எங்கே இருக்கிறது? இறக்கி, ஆக்ஸிஜன் வைத்ததும் வேகமாகத் தேறுவது உயர்மலை நுரையீரல் நீர்க்கோப்பின் குணம். காற்றழுத்தம் குறைந்த இடத்தில் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, அழுத்தம் ஏறுகிறது, நீர் கசிந்து காற்றறைகளுக்குள் இறங்குகிறது. பெரும்பாலும் புதிய உயரத்தின் இரண்டாம் இரவில் வெளிப்படும். வறட்டு இருமலும் நடந்தால் இளைப்பும் முதலில் வரும். பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும். தலைவலி இல்லாமலே வரலாம் என்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். உங்கள் கடிதத்தில் இருப்பது அப்படியே இந்த வரிசைதான். அந்த இரவை அங்கேயே கடத்திவிட்டு இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை. அவரை நடக்க வைக்காமல் குதிரையில் ஏற்றினீர்களே, அது இன்னும் நல்ல காரியம். உடலை வருத்தினால் அந்த அழுத்தம் மேலும் ஏறும்.

ஓட்டப்பயிற்சி விஷயத்துக்கு வருகிறேன். 1962 சீனப் போரையொட்டிச் சமவெளியிலிருந்து இமயத்தின் உயரங்களுக்கு வேகமாகக் கொண்டுசெல்லப்பட்ட நம் ராணுவ வீரர்களுக்கு இதே நோய் வந்தது. இந்திய ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் உடன் பணியாற்றியவர்களும் 1,925 வீரர்களை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. அவர்களெல்லாம் பயிற்சி பெற்ற இளைஞர்கள். உடல்வலிமை இந்த நோயைத் தடுப்பதில்லை. சொல்லப்போனால், வலிமையுள்ளவன் வேகமாக ஏறி வேகமாக மாட்டிக்கொள்கிறான்.

பிழை இருந்தது ஜீப்பில். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை ஏறாமல் தங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. சாமே 2,670 மீட்டர். அங்கிருந்து ஒரே நாளில் 870 மீட்டர் ஏறி, மனாங்கில் ஓய்வு நாள் எடுக்காமல் மறுநாளே மேலே போயிருக்கிறீர்கள். சாலை வருவதற்கு முன் இந்தத் தூரத்தைப் பெரும்பாலோர் நடந்தே வந்தார்கள், உடல் பழக அவகாசம் கிடைத்தது. மனாங்கில் இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் சீசன் நாள்களில் பிற்பகலில் இலவசமாக ஓர் உரை நடத்துகிறது. அதைக் கேட்டுவிட்டு மேலே ஏறியிருக்கலாம். (விடுதிப் பலகைகளில் மருந்துபோல விற்கிற பூண்டு சூப்பையும் நம்ப வேண்டாம். குளிருக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.)

கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நண்பர் குழுவில் ஒருவன் இருமினால் நாலு பேர் கவனிப்பார்கள். இருவராகப் போனால், இருமுகிறவர் மற்றவரின் ஆசையைக் கெடுக்கக்கூடாது என்று மறைப்பார். மற்றவர் இவரைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று கேட்காமல் இருப்பார். அதோடு ஆக்ஸிஜன் குறைந்த மூளை தன் நிலையைத் தானே எடைபோட இயலாது. ஆகவே இறங்குவதா என்பதை நோயாளியிடம் கேட்கவே கூடாது. நலமாக இருப்பவர் முடிவெடுக்க வேண்டும். கிளம்பும் முன்பே, ஊரில் தெளிவாக இருக்கும்போதே, இதைப் பேசி ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் விடுதித் தரையில் ஒரு பலகை இடுக்கைப் பார்த்து, ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல் நுனியில் ஒட்டி வைத்துப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். கள் குடித்தவனைப் போலத் தள்ளாடினால் உயரத்தால் வரும் இன்னோர் ஆபத்தான மூளை வீக்கம் தொடங்கியிருக்கலாம், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. சிரித்துக்கொண்டே செய்யலாம், யாருக்கும் அவமானமில்லை.

மறுபடி போவது பற்றி. ஒரு முறை நுரையீரலில் நீர் கோத்தவருக்கு, அதே வேகத்தில் ஏறினால் திரும்ப வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். முதலில் இதய, நுரையீரல் மருத்துவரிடம் மனாங் மருத்துவர் தந்த சீட்டைக் காட்டிப் பரிசோதித்துக்கொள்ளட்டும். தடுப்பாக நிஃபெடிபின் என்ற மருந்து வேண்டுமா என்பதை அந்த மருத்துவர் சொல்லட்டும், கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்காதீர்கள். காப்பீட்டுப் பத்திரத்தில் எத்தனை மீட்டர் வரை மலையேற்றத்துக்குப் பாதுகாப்பு, ஹெலிகாப்டர் செலவு அதில் அடங்குமா என்று வரி வரியாகப் படியுங்கள். தோரோங் லா 5,416 மீட்டர், பல பாலிசிகள் அதற்குக் கீழேயே நின்றுவிடும். ஜீப்பை விட்டுவிட்டு நடந்து போங்கள், மனாங்கில் இரண்டு இரவாவது தங்குங்கள்.

மருத்துவர் வேண்டாம் என்றால் கோரேபானியில் தங்கி பூன் ஹில் ஏறுங்கள். உச்சியே 3,210 மீட்டர்தான். தவளகிரியும் அன்னபூர்ணா தெற்கும் அங்கிருந்தே கண்ணுக்கு நேரே தெரியும்.