கேம்பாய் எமுலேட்டர் எழுதிப் பழகுவோம்: கேள்வி பதில்

அண்ணா, பைத்தான் ஓரளவு வரும். நேராக கேம்பாயிலேயே இறங்கிவிடலாமா?

எமுலேட்டர் என்பது ஒரு கருவியைப் போலவே நடந்து, அதன் ஆட்டங்களை நம் கணினியில் ஓட்டும் நிரல். கேம்பாய் நின்டெண்டோவின் பழைய கையடக்க ஆட்டக் கருவி. அதற்கு முன் சிப்-8க்கு ஓர் எமுலேட்டர் எழுதுங்கள். 1970களில் ஜோசப் வைஸ்பெக்கர் காஸ்மாக் விஐபி கணினிக்காக உருவாக்கிய சின்ன மொழி அது. மொத்தம் 35 கட்டளைகள், 4,096 பைட் மெமரி, 64க்கு 32 புள்ளித் திரை, அவ்வளவுதான். கட்டளையை எடுப்பது, அது என்னவென்று பிரித்துப் பார்ப்பது, செய்து முடிப்பது என்ற சுழற்சி இதில் கைக்கு வந்துவிடும். கேம்பாயிலும் அதே சுழற்சிதான், கட்டளைகள்தான் அதிகம்.

எந்த மொழியில் எழுதுவது நல்லது?

உங்களுக்கு நன்றாக வரும் மொழியில். சிப்-8க்குப் பைத்தான் தாராளம். கேம்பாயை முழு வேகத்தில் ஓட்ட சி, ரஸ்ட் மாதிரி ஒன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

சார், என் கேம்பாய் எமுலேட்டரில் ஆட்டத்தை ஏற்றினால் திரை வெறுமையாகவே நிற்கிறது. எங்கே தேடுவது?

புரோகிராம் கவுன்ட்டர் (அடுத்த கட்டளை எந்த முகவரியில் என்று காட்டும் எண்) ஒரே இடத்தில் சுற்றுகிறதா என்று பாருங்கள். பல ஆட்டங்கள் திரை எந்த வரியில் இருக்கிறது என்பதை FF44 முகவரியில் படித்துக்கொண்டே காத்திருக்கும். நீங்கள் அந்த எண்ணை நகர்த்தாவிட்டால் ஆட்டமும் நகராது. ஒரு வரிக்கு 456 கடிகாரத் துடிப்பு. கண்ணுக்குத் தெரிவது 144 வரி, தெரியாதது 10. ஆக ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையை ஒருமுறை முழுதாக வரைய, 70,224 துடிப்பு.

அது சரியாக இருந்தால் ஃப்ளாக்குகளை, அதாவது கணக்கின் விளைவைக் குறித்துவைக்கும் பிட்டுகளை, சந்தேகியுங்கள். ஹாஃப் கேரி (கீழ் நான்கு பிட்டிலிருந்து மேலே போகும் மீதியைக் குறிக்கும் ஃப்ளாக்), அதை நம்பியிருக்கும் டிஏஏ கட்டளை (விடையைப் பதின்ம இலக்கங்களாகத் திருத்துவது), இரண்டிலும் பலர் மாட்டுவார்கள். ஃப்ளாக்குகள் இருக்கும் எஃப் ரெஜிஸ்டரின் (சிபியுவுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) கீழ் நான்கு பிட்டும் எப்போதும் பூஜ்யம்; ஸ்டாக்கிலிருந்து ஏ, எஃப் ரெஜிஸ்டர்களுக்கு மதிப்பை எடுக்கும் பாப் ஏஎஃப் கட்டளையைச் செய்யும்போது இது தவறிப்போகும். பிளார்க் (Blargg) என்பவரின் சிபியு சோதனை ரோம்கள் (ROM, ஆட்ட அட்டையில் இருக்கும் நிரலின் கோப்பு) முடிவை சீரியல் போர்ட் வழியாகவும் அனுப்பும். அதனால் திரைப் பகுதியை எழுதும் முன்பே சிபியுவைச் சோதித்துவிடலாம். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சிக்கினால் வேறொருவர் எழுதிய எமுலேட்டரைப் பார்க்கலாமா?

முதலில் கேம்பாய் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் பான் டாக்ஸ் (Pan Docs) ஆவணத்தைப் படியுங்கள். அப்புறம் சரியாக ஓடும் எமுலேட்டரின் லாக்கையும் (ஒவ்வொரு கட்டளையின்போதும் ரெஜிஸ்டர் மதிப்புகளை எழுதிவைக்கும் பதிவு) உங்களுடையதையும் வரிவரியாக ஒப்பிடுங்கள். எந்தக் கட்டளையில் ரெஜிஸ்டர் மதிப்பு முதலில் பிரிகிறதோ, பிழை அங்கேயோ அதற்குச் சற்று முன்போ இருக்கும். கோடைப் பார்ப்பது கடைசி வழி. பார்த்து எழுதினால் ஆட்டம் ஓடும், ஆனால் ஏன் ஓடுகிறது என்று உங்களால் சொல்ல முடியாது.

ரோம் கோப்புகளை இறக்கிக்கொள்வது சட்டப்படி சரியா?

கடையில் விற்ற ஆட்டங்களுக்குப் பதிப்புரிமை உண்டு, அவற்றை இறக்காதீர்கள். ஆர்வலர்கள் தாங்களே எழுதி இலவசமாகத் தரும் ஆட்டங்கள் ஏராளம். பழக அவையே போதும்.