பிறந்தநாளுக்கு ரைபிள் வாங்கலாமா? பாயின்ட் டூ டூ பற்றிச் சில கேள்விகள், என் பதில்கள்

போன ஞாயிறு தண்டையார்பேட்டையில் நாலு பெற்றோர், பிள்ளைக்கு ரைபிள் வாங்குவது பற்றிக் கேட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "கேள்வியை எல்லாம் எழுதிக் கொடுங்கள், உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்" என்று வாயை விட்டுவிட்டேன். ஒரு கட்டுக் காகிதம் வந்து சேர்ந்தது. பாதிக்கு மேல் ஒரே கேள்வி என்பதால் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். பள்ளி நாளில் என்.சி.சி. சீருடையில் குப்புறப் படுத்து .22 (பாயின்ட் டூ டூ, அதாவது 0.22 அங்குலத் தோட்டா போடும் ரைபிள்) சுட்டதில் தொடங்கிய பழக்கம் எனக்கு. இப்போது பிள்ளைகளுக்குப் பழக்கித் தருகிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை, 14 வயதுப் பையனின் அப்பா: பாரிஸில் ஸ்வப்னில் குசாலே மெடல் வாங்கியதிலிருந்து வீட்டில் ரைபிள் பேச்சுதான் சார். பிறந்தநாளுக்கு ஒரு .22 போல்ட் ஆக்‌ஷன் வாங்கித் தந்துவிடலாமா?

முடியாது சார். சைக்கிள் மாதிரி கடையில் போய் எடுத்து வருகிற பொருள் இல்லை அது. 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி வழக்கமான லைசன்ஸ் 21 வயது நிறைந்தவர்களுக்குத்தான். அதற்குக் கீழே இருப்பவர்கள், 12 வயது ஆகியிருந்தால், பயிற்சிக்காக மட்டும் சுடலாம். அதுவும் பக்கத்திலேயே பொறுப்பான பெரியவர் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே பையன் முதலில் துப்பாக்கி சுடும் கிளப்பில் சேரட்டும். அங்கே இருக்கும் ரைபிளில் பழகட்டும். குசாலே 2024இல் வெண்கலம் வாங்கியது 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில். மண்டியிட்டு, படுத்து, நின்று சுடுவது. அதற்கு .22தான் துப்பாக்கி. ஆனால் அந்த இடத்துக்குப் போகும் வழி நம் ஊரில் பெரும்பாலும் காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைபிளில்தான் ஆரம்பிக்கிறது. (அவர் ரயில்வேயில் டிக்கெட் கலெக்டராக இருந்தவர். ரயில்வே ஊரான பெரம்பூர் ஆட்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.)

கொளத்தூர், ஒரு அம்மா: ஏர் ரைபிள் என்றால் பொம்மை மாதிரிதானே? நேராக .22க்குப் போனால் என்ன?

பொம்மை இல்லை அக்கா. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது ஏர் ரைபிளில். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வாங்கியதும் அதில்தான். 10 மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளிக்கான குறி அரை மில்லிமீட்டர்தான், ஒரு புள்ளி வைத்த அளவு. அதை அடிக்கப் பழகிய பிள்ளைக்கு 50 மீட்டரில் 10.4 மில்லிமீட்டர் வட்டம் பயம் காட்டாது.

இன்னொரு வசதியும் உண்டு. குழல் துளை 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத, 20 ஜூலுக்குள் சக்தியுள்ள ஏர் ரைபிளுக்கு லைசன்ஸ் தேவையில்லை. போட்டி ஏர் ரைபிள்கள் அந்த வரம்புக்கு வெகு கீழே. பெல்லட் (ஏர் ரைபிளில் போடும் ஈயக் குண்டு) செலவும் .22 தோட்டாவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஒரு வருடம் அதில் ஓடட்டும். பிள்ளைக்கு ஆசை நிற்கிறதா, இரண்டு மாதத்தில் கேரம் போர்டுக்கே திரும்புகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ராயபுரம்: ரிம்ஃபயர், போல்ட் ஆக்‌ஷன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். புரிகிற மாதிரி சொல்லுங்கள் அண்ணே.

.22 தோட்டாவைக் கவிழ்த்துப் பாருங்கள். பித்தளைக் கூட்டின் அடியில் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு விளிம்பு இருக்கும். தீப்பற்றும் மருந்து அந்த விளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. ரைபிளின் ஊசி விளிம்பில் தட்டினால் அது நசுங்கிப் பொறி கிளம்பும். இதுதான் ரிம்ஃபயர். பெரிய தோட்டாக்களில் மருந்து நடுவில் தனி மூடியாக இருக்கும். விளிம்பு நசுங்க வேண்டும் என்றால் பித்தளை மெலிதாக இருக்க வேண்டும். மெலிதாக இருந்தால் அதிக அழுத்தம் தாங்காது. அதனால்தான் .22இல் உதைப்பும் சத்தமும் குறைவு, பிள்ளைகளுக்கு ஏற்றதாகவும் இருக்கிறது. நாம் சுடும் .22 லாங் ரைபிள் தோட்டா 1887இலேயே வந்துவிட்டது. இன்றைக்கும் ஒலிம்பிக்கில் அதுதான்.

ஒரு எச்சரிக்கை. டிரிகரை அழுத்தி "டிக்" என்று மட்டும் கேட்டால் உடனே போல்டைத் திறக்கக் கூடாது. குழல் குறியைப் பார்த்தபடியே இருக்க, அரை நிமிடம் பொறுத்து, கையைத் தூக்கி கோச்சைக் கூப்பிட வேண்டும்.

போல்ட் என்பது நம் வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள்தான். தூக்கு, பின்னால் இழு, தோட்டாவை வை, முன்னால் தள்ளு, கீழே அமுக்கு. ஒவ்வொரு தோட்டாவுக்கும் இதைச் செய்தாக வேண்டும். அவசரக்காரப் பையனுக்கு இந்த வேலையே ஒரு மூச்சு விடும் நேரம். அடுத்தது, போல்ட் திறந்திருந்தால் துப்பாக்கி சுடாது என்பதை நான் பத்தடி தள்ளி நின்றே பார்த்துக்கொள்ள முடியும். இருபது பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருக்கும்போது அதன் அருமை தெரியும். தானாக அடுத்த தோட்டா ஏறும் ரைபிளைப் புதிதாக வரும் பிள்ளை கையில் நான் தரவே மாட்டேன்.

வியாசர்பாடி: எந்தக் கம்பெனி நல்லது? அன்ஷூட்ஸ் என்கிறார்கள், வால்தர் என்கிறார்கள்.

ஜெர்மனியின் அன்ஷூட்ஸ், வால்தர், ஃபைன்வெர்க்பாவ், சுவிட்சர்லாந்தின் பிளைக்கர், நாலும் அருமையான சாமான்தான். விலை பல லட்சம். இறக்குமதி செய்யவும் எல்லாருக்கும் அனுமதி கிடையாது. தேசியப் போட்டியில் உரிய ஸ்கோர் எடுத்து 'ரினோன்ட் ஷாட்' தகுதி வாங்கிய வீரர்கள், கிளப்புகள் போன்றோருக்குத்தான். அதனால் 14 வயதுப் பையனுக்கு எந்தக் கம்பெனி என்று இப்போது மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கிளப்பில் பழைய அன்ஷூட்ஸ் 64 வகை கிடைத்தால் அதுவே தாராளம்.

கிளப்பில் இருக்கும் நாலு ரைபிளில் எதை எடுப்பது? இந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்! உடம்புக்குப் பொருந்துவதை எடுக்க வேண்டும். பள்ளிச் சட்டையை வளர்கிற பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுப்போமே, இங்கே அது உதவாது. ஸ்டாக் (தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டை) நீளமாக இருந்தால் பிள்ளை கழுத்தை முன்னால் நீட்டும், முதுகைப் பின்னால் வளைக்கும். ஆறு மாதத்தில் அதுவே பழக்கமாகிவிடும். அப்புறம் திருத்துவது பெரும்பாடு. முழங்கையை மடித்து, பட் (ஸ்டாக்கின் பின்முனை) அடியை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆள்காட்டி விரலின் முதல் கணு டிரிகரை எட்ட வேண்டும். ஆரம்பத்துக்கு இந்த அளவு போதும்.

பட், கன்னம் வைக்கும் கட்டை இரண்டும் நகர்த்தி அமைக்கும்படி இருந்தால் அதுதான் முதல் தேர்வு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவை மாற்றி, ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது எடை. போட்டி விதி 8 கிலோ வரை அனுமதிக்கிறது என்பதற்காக ஒல்லிப் பையன் கையில் அத்தனையும் ஏற்றக் கூடாது. நின்ற நிலையில் இரண்டு நிமிடம் பிடித்ததும் முன்னங்கை நடுங்கினால் அந்த ரைபிள் வேண்டாம். டிரிகர், குழல், பெயர் எல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

நம் அரசுத் தொழிற்சாலை .22 பற்றியும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். உறுதியான துப்பாக்கி. ஆனால் ஸ்டாக் அளவு பெரியவர்களுக்கானது, நகர்த்தவும் முடியாது. போட்டிக்கு என்றால் நான் சொல்ல மாட்டேன்.

மாதவரம்: ஸ்கோப் மாட்டிக்கலாமா?

ஒலிம்பிக் வகைப் போட்டியில் கிடையாது. சின்னத் துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்தான்.

புதுவண்ணாரப்பேட்டை: என் பையன் வலது கைக்காரன். ஆனால் கோச் இடது பக்கம் வைத்துச் சுடச் சொல்கிறாராம். ஏன்?

கை வலது, கண் இடது. நிறையப் பேர் அப்படி இருக்கிறார்கள், தெரிவதில்லை. இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சின்ன முக்கோண ஓட்டை செய்து, தூரத்தில் ஒரு சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண்ணை மூடும்போது கடிகாரம் காணாமல் போகிறதோ அதுதான் ஆளும் கண். புதிதாக ஆரம்பிக்கும் பிள்ளை என்றால் கண் பக்கமே சுடப் பழகட்டும், கை சீக்கிரம் பழகிவிடும். கோச் சொன்னது சரி. இடது கை ஸ்டாக் கிடைப்பதுதான் கஷ்டம்.

பெரம்பூர்: தாத்தாவிடம் பர்னோ கம்பெனி .22 ஒன்று இருந்தது. அவர் காலமாகிவிட்டார். பேரனுக்கு அதைக் கொடுக்கலாமா?

முதலில் அது இப்போது எங்கே இருக்கிறது? வீட்டு பீரோவில் என்றால் இன்றைக்கே எழுந்திருங்கள். லைசன்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ லைசன்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வாரிசு என்ற முறையில், 21 வயது ஆன ஒருவர், அப்பாவோ அம்மாவோ, தன் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். சென்னைக்கு கமிஷனர்தான் அதிகாரி. எண்ணூர், செங்குன்றம் பக்கத்து ஆட்கள் தங்கள் ஸ்டேஷன் 2022இல் வந்த ஆவடி கமிஷனரகத்தில் சேருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறான வாசலில் நின்று ஒரு நாளைக் கழிக்க வேண்டாம். லைசன்ஸ் இப்போது 5 வருடத்துக்கு. தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள், அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

பெரம்பூரில் இப்படிப் பழைய துப்பாக்கிக் கதைகள் ஆச்சரியமில்லை. எம் அண்ட் எஸ்எம் (மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா) ரயில்வே காலத்தில் அந்த ரயில்வே பெயரிலேயே 'ரைபிள்ஸ்' என்று துணைப்படைப் பிரிவு இருந்தது.

திருவொற்றியூர்: மொட்டை மாடியில் ஏர் ரைபிள் பழகலாமா? காக்கா தொல்லை வேறு.

கூடாது. காக்காவுக்கும் கூடாது. சுவரில் பட்ட பெல்லட் திரும்பி வரும், பக்கத்து மாடியில் துணி காயப்போட அக்கா நிற்பார். .22 என்றால் நினைக்கவே வேண்டாம், அது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும்.

வீட்டில் தோட்டா இல்லாமலே பழக ஒரு வழி இருக்கிறது. 10 மீட்டர் டார்கெட்டின் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர். 3 மீட்டர் நீள அறையில் அதே தோற்றம் வர 9 மில்லிமீட்டர் வட்டம் போதும். பேனாவால் வரைந்து, கண் மட்டத்தில் சுவரில் ஒட்டி, வெறும் ஏர் ரைபிளைப் பிடித்துக் குறி வைக்கட்டும். நம் பக்கத்து பத்துக்குப் பத்து அறை இதற்காகவே கட்டியது போல இருக்கும். பெல்லட் டப்பா மட்டும் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. .22இல் இப்படி வெறுமனே தட்ட வேண்டாம். ஊசி நேராகக் குழலின் விளிம்பில் மோதி இரும்பைப் பள்ளமாக்கிவிடலாம்.

காசிமேடு: துருப்பிடிக்கிறது அண்ணே, என்ன செய்வது?

இதில் நான் பட்டவன். ஒரு ஐப்பசி மழையில், ரேஞ்சிலிருந்து வந்த களைப்பில் ரைபிளை அப்படியே ரெக்ஸின் பைக்குள் போட்டு மூலையில் வைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் போல்ட் கைப்பிடி செங்கல் நிறம். குழல் மேல் என் விரல் ரேகை அச்சடித்தாற்போல் துரு. ரைபிளைத் தந்தவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? கடற்காற்றில் உப்பும் ஈரமும் சேர்ந்தே வருகிறது, பைக்குள் இருக்கும் பஞ்சு அதைக் குடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே பை என்பது தூக்கிச் செல்ல மட்டும். வீடு வந்ததும் வெளியே எடுத்து, கைபட்ட இரும்பையெல்லாம் மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, பூட்டுள்ள இரும்புப் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துவிடும். குழல் உள்ளே மட்டும் தினமும் குடைய வேண்டாம். .22 குழல் சுட்டுத் தேய்வதைவிடக் கம்பி விட்டுக் குடைந்து கெடுவதுதான் அதிகம்.

எண்ணூர், ஒரு அம்மா: பெண் பிள்ளைக்கு இது சரிவருமா? ஈயம் உடம்புக்குக் கெடுதல் என்றும் சொல்கிறார்களே.

முதல் கேள்விக்கு: 2023 ஆசிய விளையாட்டில் 50 மீட்டர் மூன்று நிலையில் உலக சாதனையோடு தங்கம் வாங்கியவர் சிஃப்ட் கௌர் சம்ரா. உறவுக்காரர்கள் கேட்டால் அதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது நியாயமான கவலை. தோட்டாவின் முனையும் ஈயம், விளிம்பு மருந்திலும் ஈயம் உண்டு. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவ வேண்டும், அதற்கு முன் பஜ்ஜி, பிஸ்கட் எதுவும் வாயில் போகக் கூடாது. ரேஞ்ச் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். காற்றோட்டம் இல்லாத மூடிய ரேஞ்ச் என்றால் சேர்க்க வேண்டாம்.

காசு செலவழிக்க விருப்பமென்றால் சுடும்போது போடும் ஜாக்கெட்டில் செலவழியுங்கள். வளர்ந்துபோன பிள்ளைகளின் பழைய ஜாக்கெட் கிளப்பிலேயே பாதி விலைக்குக் கிடைக்கும். முதுகைத் தாங்கிப் பிடிப்பது அதுதான்.

கொடுங்கையூர், 16 வயது: அண்ணா, வீட்டில் காசு இல்லை. ஆனால் சுடணும்.

உன் பள்ளியில் என்.சி.சி. இருக்கிறதா என்று கேள். இருந்தால் கேம்ப்பில் .22 கிடைக்கும், தோட்டாவுக்கு நீ ஒரு பைசா தர வேண்டாம். இல்லை என்றால் ஞாயிறு காலை ஆறரைக்கு அப்பாவையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு தண்டையார்பேட்டைக்கே வா, கிளப்பில் பேசிப் பார்க்கலாம். ஆதார் நகல் எடுத்து வா. செருப்பு வேண்டாம், தட்டையான அடி உள்ள ஷூ போட்டு வா. வலது ஆள்காட்டி விரல் நகத்தை வெட்டிவிட்டு வா.