பெயர் அட்டையும் ஓவியமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை விஷயமாக பெர்லின் போயிருந்தபோது அங்குள்ள புதிய தேசிய கலைக்கூடத்தில் ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் நான்கு பெரிய அரூப ஓவியங்களைப் பார்த்தேன். கறுப்பும் சாம்பலும், நடுநடுவே சிவப்பும் பச்சையும். ஈரம் ஊறிய பழைய சுவர் மாதிரி அழகாக இருந்தது, அவ்வளவுதான். கிட்டே போய்ப் பெயரைப் படித்தேன்: ‘பிர்கெனாவ்’. வயிற்றைப் பிசைந்துவிட்டது. அப்படியானால் அந்த உணர்ச்சி ஓவியத்தில் இருந்ததா, பெயர் அட்டையில் இருந்ததா? கூட வந்த நண்பர் ‘எனக்கு ஒன்றும் தோன்றவில்லை’ என்று நகர்ந்துவிட்டார். அவருக்கு ரசனை போதாதா?

ரா., கோவை

அன்புள்ள ரா.,

வயிற்றைப் பிசைந்தது பெயர்தான், சந்தேகமே வேண்டாம். நாஜிகள் யூதர்களைக் கொன்றுகுவித்த ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் ஒரு பகுதி பிர்கெனாவ். அந்தப் பெயரை எதன் பக்கத்தில் எழுதி வைத்தாலும் அதிர்ச்சி வரும். சிவப்பு என்றால் ரத்தம், கறுப்பு என்றால் துக்கம் என்றெல்லாம் விளக்குகிறார்களே, அதுவும் பெயரைப் படித்த பிறகு வருவதுதான். 2006இல் ரிக்டர் ‘கேஜ்’ என்று ஆறு ஓவியங்கள் செய்தார். அப்போது அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஜான் கேஜின் இசை. அங்கேயும் இதே முறைதான்: ஈர வண்ணத்தின் மேல் நீளமான பலகையை அழுத்தி இழுப்பார், மேல்பூச்சு பிய்ந்து அடி நிறம் தலைகாட்டும். அவற்றின் முன்னால் எனக்கு அமைதிதான் வருகிறது. ஆக, பலகைக்கோ நிறத்துக்கோ சொந்தமாக ஓர் உணர்ச்சி கிடையாது.

சரி, பெயர் தந்த அதிர்ச்சி அரை நிமிடத்தில் தணிந்துவிடும். அதற்குப் பிறகும் அங்கே நின்றீர்களா?

1944இல், பிணங்களை எரிக்கும் வேலையில் கட்டாயமாகப் போடப்பட்டிருந்த கைதிகள் பிர்கெனாவில் ரகசியமாகப் புகைப்படம் எடுத்தார்கள். பற்பசைக் குழாயில் ஒளித்து வெளியே கடத்தப்பட்டவற்றில் நான்கு படங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. 2014இல் ரிக்டர் அந்த நான்கையும் கித்தானில் வரையத் தொடங்கினார். சரிவரவில்லை. மேலே வண்ணத்தைப் பூசினார், இழுத்தார், மறுபடி பூசினார். அடியில் இருந்த படம் சுத்தமாக மறைந்துபோயிற்று.

இது தெரிந்தபின் கண் சும்மா இருக்காது. இந்தக் கறுப்புக் கீறல் மரமா, அந்த வெளுப்பு புகையா என்று துழாவும். ஒவ்வொரு கித்தானும் 260 செ.மீ. உயரம், 200 செ.மீ. அகலம், துழாவ நிறைய இடம் உண்டு, அகப்படுவது எதுவும் இல்லை. அந்தத் தவிப்பை அட்டையின் கணக்கில் எழுத முடியாது. எதைத் தேடுவது என்று சொன்னதோடு அட்டையின் வேலை முடிந்தது. அகப்படாமல் செய்வது வண்ணம்தான். (எதிரே வைத்திருக்கும் பெரிய சாம்பல் கண்ணாடி எனக்குக் கொஞ்சம் அதிகப்படி. நம்மையும் அதில் பார்க்கச் சொல்லி வற்புறுத்துவானேன்?)

அந்த நான்கு புகைப்படங்களில் ஒன்றில் சாய்ந்த மரக்கிளைகளும் வானமும் மட்டும்தான் இருக்கின்றன. ஒளிந்து நின்று, குறிபார்க்க முடியாமல் எடுத்தது. விவரம் தெரியாதவர் கையில் கிடைத்தால் வீணாய்ப்போன படம் என்று கழித்துவிடுவார். புகைப்படத்துக்கே பக்கத்தில் ஒரு வரி தேவைப்படுகிறது. அரூப ஓவியத்துக்குத் தேவைப்பட்டால் மட்டும் அதை ஏன் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டும்?

நண்பரை ஒன்றும் சொல்லாதீர்கள். கண்கலங்கியே ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. பெயரைப் படிக்கும் முன்பே நகர்ந்தாரா, படித்த பிறகா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். முன்பே என்றால் அடுத்த தடவை மறுபடி கூட்டிப்போகலாம்.