கோட்டைக்குள் தங்கலாமா? ஜெய்சல்மேர் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற மாதம் இந்தப் பகுதியில், ராஜஸ்தானின் ஜெய்சல்மேரில் குறைந்த செலவில் எங்கே தங்கலாம் என்று கேட்டிருந்த வாசகர் ஒருவருக்கு, "கோட்டைக்குள் தங்க வேண்டாம், அடிவாரத்தில் உள்ள ஊரில் தங்குங்கள்" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். காரணம் சொல்லாமல் விட்டது என் பிழை. அதைக் கேட்டும், மறுத்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பொதுப்பணித் துறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கோட்டைக்குள் தங்குபவர்கள் பயன்படுத்தும் தண்ணீரால்தான் அதற்கு ஆபத்து என்று ஒரு நண்பர் சொன்னார். மழையே அரிதான பாலைவன ஊரில் இது எப்படிச் சாத்தியம்?
வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் நண்பர் சொன்னது உண்மை. மழை அரிதான ஊர் என்பதே அந்த ஆபத்தின் வேர் என்றும் சொல்லலாம்.

1156இல் பட்டி ராஜபுத்திர அரசர் ராவல் ஜெய்சல் எழுப்பத் தொடங்கிய இந்தக் கோட்டை, சுற்றியுள்ள சமவெளியிலிருந்து ஏறத்தாழ 76 மீட்டர் உயர்ந்து நிற்கும் திரிகூட மலையின் மேல் அமைந்திருக்கிறது. மலை என்றவுடன் நம் திருச்சி மலைக்கோட்டையைப் போன்ற ஒரே கற்பாறையை நினைத்துவிடக் கூடாது. மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காகப் படிந்த மென்மையான குன்று அது. காய்ந்திருக்கும் வரை அந்தக் களிமண் எவ்வளவு பாரத்தையும் தாங்கும். ஈரம் ஏறினால் உப்பி, வழுக்கி, மேலே நிற்கும் சுவரையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். களிமண் நிலத்தில் அடித்தளம் போட்டுப் பழகிய உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள் அந்தக் குன்று காய்ந்தே இருந்தது. கோட்டைக்குள் வாழ்ந்தவர்கள் கீழே உள்ள கடீசர் ஏரியிலிருந்து குடத்தில் நீர் சுமந்து மேலே ஏற்றினார்கள். சுமந்து ஏற்றிய நீரை யாரும் வீணாக்க மாட்டார்கள். எப்போதாவது பெய்யும் மழை உள்ளே தேங்காமல் நான்கு திசையிலும் வெளியேறுவதற்கு, 'குட் நாலி' என்ற வடிகால் அமைப்பையும் முன்னோர் செய்து வைத்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் குழாய் நீர் மேலே ஏறியது. அதன்பின் சுற்றுலா வளர வளர, வீடுகள் விடுதிகளாகி, ஓர் அறைக்கு ஒரு குளியலறை, ஒரு பிளஷ் கழிப்பறை என்று பெருகின. குடத்து நீருக்கென அமைந்த சாக்கடைகளில் இந்த அளவு நீர் அடங்கவில்லை. ஒழுகும் குழாய்களின் வழியே அது குன்றுக்குள் இறங்கியது. ஆண்டுக்குச் சராசரியாக 200 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் ஊரில், வானத்திலிருந்து வரும் நீரைவிடக் குழாயில் வரும் நீருக்கே கோட்டை அஞ்ச வேண்டிய நிலை உண்டானது.

1998இல் வெளிச்சுவரின் ஒரு பகுதி சரிந்து ஆறு பேர் உயிரிழந்தார்கள். ஆபத்தில் உள்ள உலக நினைவுச் சின்னங்களைப் பட்டியலிடும் வேர்ல்ட் மான்யுமென்ட்ஸ் ஃபண்ட் அமைப்பு, அந்தக் காலகட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை இக்கோட்டையைத் தன் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. அதன்பின் சுவர்கள் சீரமைக்கப்பட்டன, கழிவுநீர்க் குழாய்கள் பதிக்கப்பட்டன. 2013இல் ராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளுடன் சேர்த்து யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனாலும் குன்றின் களிமண் மாறிவிடவில்லை, அறைகளில் தங்குவோரும் குறைந்துவிடவில்லை.

இதை நான் ஏட்டில் படித்து மட்டும் அறிந்துகொள்ளவில்லை. முதன்முறை சென்றபோது கோட்டைக்குள்தான், கொத்தளத்தை ஒட்டிய ஒரு மலிவான அறையில் தங்கினேன். சாளரத்தின் வழியே பாலைவனம் விரிந்து கிடந்த அந்தக் காட்சியை இன்றும் மறக்க முடியவில்லை. இரவு படுக்கும்போது கட்டிலை ஒட்டிய சுவரில் கை பட்டது, சுவர் நனைந்திருந்தது. விரலால் தொட்ட இடத்தில் மஞ்சள் கல் மாவாக உதிர்ந்தது. சுவருக்கு மறுபுறம் குளியலறை. மாலையில் அரை மணி நேரம் ஷவரைத் திறந்துவிட்டுப் பயணக் களைப்புத் தீரக் குளித்தவன் நான். அன்று எனக்குச் சரியாக உறக்கம் வரவில்லை.

கேள்வி: டிசம்பரில் கணவர், அறுபத்தெட்டு வயதான என் மாமியார் ஆகியோருடன் செல்கிறோம். கோட்டைக்குள் உள்ள கெஸ்ட்ஹவுஸ் ஒன்றில் வாடகை குறைவு, காட்சியும் அருமை என்று மகன் வற்புறுத்துகிறான். அத்தைக்கு முழங்கால் வலி உண்டு. என்ன செய்யலாம்?
வாசகி, திருநெல்வேலி

பதில்: கோட்டையின் நலனை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அத்தையின் முழங்காலை மட்டும் எண்ணிப் பார்த்தாலும் என் பதில் அடிவாரம்தான். அகை போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என்ற நான்கு வாயில்களைக் கடந்து, கல் பாவிய சரிவுப் பாதையில் ஏறித்தான் உள்ளே செல்ல வேண்டும். அதன்பின் வரும் சந்துகள் குறுகியவை. பசுக்களும் இருசக்கர வாகனங்களும் அவற்றிலேயே வந்து போகும். பழைய வீடுகளின் படிகள் உயரமாகவும் செங்குத்தாகவும் இருக்கும். காட்சி நன்றாகத் தெரியும் அறை என்றால் அது பெரும்பாலும் மேல்தளத்தில்தான் இருக்கும்.

ஆனால் அடிவாரத்தில் எல்லாம் எளிது என்று நினைத்து முன்பதிவு செய்துவிடாதீர்கள். பழைய வணிகர் மாளிகையான பட்வோன் ஹவேலியைச் சுற்றியுள்ள தெருக்களிலும் பழைய வீடுகளே விடுதிகளாகியிருக்கின்றன. அங்கும் அதே படிகள்தாம். ஆகவே தொலைபேசியில் பேசும்போது, தரைத்தளத்தில் அறை உண்டா, மேற்கத்தியக் கழிப்பறை உண்டா என்று முதலில் கேளுங்கள். வெந்நீர் எதில் வருகிறது என்பதையும் கேளுங்கள். சூரிய வெப்பத்தில் சுடும் நீர் மாலையில் கொதிக்கும், விடியற்காலையில் ஆறிப்போயிருக்கும். டிசம்பர் இரவுகளில் அங்கே வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம் என்பதால், காலையில் குளிக்கும் பழக்கமுள்ள பெரியவர்களுக்கு கீசர் உள்ள அறையே நல்லது. ஆளுக்கு இரண்டு ரஜாய் (பஞ்சு அடைத்த கனமான போர்வை) தருவார்களா என்றும் கேட்டு வையுங்கள். சாப்பாடு மொட்டைமாடியில்தான் பரிமாறப்படும் விடுதிகள் அங்கே அதிகம். அத்தைக்கு மட்டும் அறைக்கே கொண்டுவந்து தரச் சம்மதிப்பவர்களைத் தேர்ந்தெடுங்கள். வீட்டோடு சேர்த்து விடுதி நடத்தும் குடும்பங்கள் இதற்குத் தயங்குவதில்லை.

டிசம்பர் கடைசி வாரத்தில் கூட்டமும் வாடகையும் ஒருசேர ஏறிவிடும். முடிந்தால் மாதத்தின் முதல் பாதியில் செல்லுங்கள்.

கேள்வி: கோட்டைக்குள் விடுதி நடத்துபவர்களுக்கு அது ஒன்றே பிழைப்பு. "தங்க வேண்டாம்" என்று நீங்கள் எழுதுவது அவர்கள் வயிற்றில் அடிப்பது ஆகாதா?
வாசகர், காரைக்குடி

பதில்: இந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. மக்கள் இன்றும் வாழும் கோட்டைகள் நம் நாட்டில் மிகச் சிலவே. ஜெய்சல்மேர் கோட்டைக்குள் சில ஆயிரம் பேர் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள். அவர்களை வெளியேற்றிவிட்டுக் கோட்டையை வெறும் காட்சிப்பொருளாக்குவதை நான் ஆதரிக்கவே மாட்டேன். பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடந்து பாழாவதைக் கண்ட செட்டிநாட்டுக்காரராகிய உங்களுக்கு, மனிதர் புழங்காத வீடு என்ன ஆகும் என்பது நன்றாகவே தெரியும்.

ஆனால், ஒரு குடும்பம் அங்கே வாழ்வதும், அதே வீட்டில் எட்டு அறைகளும் எட்டுக் குளியலறைகளும் கட்டி, நாள்தோறும் புதிய விருந்தினர்களுக்குத் துண்டும் விரிப்பும் துவைத்துக் கொடுப்பதும் ஒன்றல்ல. எனவே நான் செய்வது இது: கீழே தங்குகிறேன், செலவு செய்வதைக் கோட்டைக்குள் செய்கிறேன். காலைத் தேநீரும் மதிய உணவும் அங்கேதான். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அரை நாளுக்கு அமர்த்திக்கொள்கிறேன். வாங்க வேண்டியதை அங்கே குடியிருப்பவர்களின் கடையில் வாங்குகிறேன். பணம் அவர்களுக்குப் போய்ச் சேர்கிறது, குன்றில் தண்ணீர் இறங்குவதில்லை.

இதையும் மீறி உள்ளே தங்குவதென்று முடிவு செய்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஓர் இரவோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஒரு வாளி நீரில் குளியுங்கள், அழுக்குத் துணிகளை ஊருக்குக் கொண்டுவந்து துவையுங்கள். குழாய் ஒழுகினால் உடனே உரிமையாளரிடம் சொல்லுங்கள். பழுது பார்க்கும் வரை விடாமல் கேளுங்கள். அந்த ஊரில் ஒழுகும் குழாய் என்பது சிறிய குறை அல்ல.

கேள்வி: மன்னார்குடியிலிருந்து ஜோத்பூர் வரை ரயிலில் போய், அங்கிருந்து ஜெய்சல்மேர் செல்லத் திட்டம். நிலையத்தில் இறங்கியதும் மிகக் குறைந்த வாடகைக்கு அறை தருவதாகச் சொல்வார்களாம். பிறகு தொல்லை கொடுப்பார்களாம். உண்மையா?
வாசகர், மன்னார்குடி

பதில்: உண்மைதான். ஜெய்சல்மேரில் மலிவான அறையின் வாடகை பல இடங்களில் ஒரு தூண்டில். அவர்கள் எதிர்பார்ப்பது ஒட்டகச் சவாரியில் வரும் வருமானம். ரயிலிலேயே ஏறிப் பேச்சுக் கொடுத்து, நம்ப முடியாத வாடகை சொல்லி, ஜீப்பில் ஏற்றிச் செல்வார்கள். அறைக்குள் பையை வைத்த கையோடு, சாம் மணற்குன்றுகளுக்கு எப்போது போகிறீர்கள் என்ற பேச்சு தொடங்கிவிடும். இரண்டு நாட்களுக்குள் நீங்கள் அவர்களிடம் சவாரிக்குப் பணம் கட்டாவிட்டால், வாடகை திடீரென்று ஏறும், அல்லது அறை வேறொருவருக்குப் பதிவாகியிருப்பது அப்போதுதான் அவர்கள் நினைவுக்கு வரும். நெடும் பயணத்தில் சலித்து இறங்குபவர்களே இதில் எளிதாகச் சிக்குகிறார்கள். உங்கள் பயணமோ நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன், முதல் இரவுக்கான அறையை மட்டுமாவது ஊரிலிருந்தே பதிவு செய்துவிடுங்கள்.

பதிவு செய்யும்போது, "ஒட்டகச் சவாரி எங்களுக்கு வேண்டாம், அறை மட்டும் போதும், வாடகை இவ்வளவுதானே?" என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையாக நடத்துபவர் "சரி" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார். சுற்றி வளைத்துப் பேசுபவரை விட்டுவிடுங்கள். நீங்களே சாம் பகுதிக்கோ குரி கிராமத்துக்கோ சவாரி போக விரும்பினால், ஊரில் ஒரு நாள் தங்கி இரண்டு மூன்று இடங்களில் விசாரித்த பிறகு முடிவு செய்யுங்கள். சாம் மணற்குன்றுகள் நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். போகும் வழிக்கு வாகனம், இரவு உணவு, போர்வை ஆகியவை சொன்ன தொகையில் அடங்குமா என்பதே முக்கியமான கேள்வி.

கேள்வி: நாங்கள் நான்கு கல்லூரி நண்பர்கள். அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்கிறார்களே, கொடுக்கலாமா?
வாசகர், மதுரை

பதில்: நான்கு பேரும் தனித்தனியே அடையாளச் சான்று காட்ட வேண்டியிருக்கும். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள்; அல்லது வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ கொடுங்கள். நகலின் மேல் விடுதியின் பெயரையும் தேதியையும் குறுக்கே எழுதிக் கொடுப்பது நல்ல பழக்கம். பான் அட்டையில் முகவரி இல்லாததால் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள்.

கேள்வி: எங்களுடன் வரும் மைத்துனர் மலேசியக் குடிமகன். அவருக்குத் தனி நடைமுறை உண்டா?
வாசகி, சென்னை

பதில்: உண்டு. வெளிநாட்டவர் தங்கினால், விடுதிக்காரர் அதை 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். மிகச் சிறிய விடுதிகள் சில, இந்த வேலைக்குத் தயங்கி, வாசலில் வைத்தே மறுத்துவிடுவது உண்டு. பதிவு செய்யும்போதே அவருடைய குடியுரிமையைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். பாஸ்போர்ட்டின் அசலும் விசாவின் அச்சுப் பிரதியும் அவர் கையில் இருக்கட்டும்.

கேள்வி: உள்ளே தங்காவிட்டால் கோட்டையை முழுமையாக அனுபவிக்க முடியாது என்கிறார்களே?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒன்றை இழப்பீர்கள் என்பதை மறைக்க மாட்டேன். சுற்றுலாப் பயணிகள் இறங்கிச் சென்ற பின், இரவில் அந்தச் சந்துகளில் கவியும் அமைதி உள்ளே தங்குபவர்களுக்கே கிடைக்கும். விடியற்காலையை நீங்கள் இழக்க வேண்டியதில்லை. ஏழு மணிக்கு முன்பே ஏறிவிடுங்கள். லட்சுமிநாத் கோயில் மணியோசையைக் கேட்டபடி, வீட்டு வாசல்களைப் பெருக்கும் பெண்களைக் கடந்து, கூட்டம் சேருமுன் நடந்து முடித்துவிடலாம். சமணக் கோயில்களைச் சமணர் அல்லாதவர்கள் பார்ப்பதற்குக் காலை நேரமே ஏற்றது என்பதால் அதற்கும் இது பொருந்தும்.

உள்ளே இருப்பவர்களுக்குக் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். மாலையில் அவர்களுக்குப் பாலைவனம் தெரியும், கோட்டை தெரியாது. அடிவாரத்தில் உள்ள ஒரு விடுதியின் மொட்டைமாடியில், மேற்கிலிருந்து வெயில் சாயும் நேரத்தில் அமர்ந்திருங்கள். 99 கொத்தளங்களில் உங்களை நோக்கியிருப்பவை முதலில் மஞ்சளாகவும், பிறகு தேன் நிறமாகவும் மாறும். சூரியன் மறைந்த பிறகும் சில நிமிடங்களுக்கு அந்தச் சுவரில் வெளிச்சம் தங்கியிருக்கும். அறை கேட்கும்போது, மொட்டைமாடியிலிருந்து கோட்டை தெரியுமா என்று மறக்காமல் கேளுங்கள்.